சத்தம் வராமல் உள்ளே போனது

அது எந்த நாள் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் குளிக்கும்போது கையில் பட்டது. வலது தொடை இடுக்குக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவு. அமுக்கினேன், உள்ளே போனது. கையை எடுத்தேன், வந்தது. வலி இல்லை. வலிக்காத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது? துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் லோடுமேன். எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். டிராக்டரில் வந்து கொட்டும் நெல்லைத் தூற்றி, நாற்பது கிலோவாகச் சாக்கில் பிடித்து அடுக்கி வைக்க வேண்டும். அடுக்கி வைத்த மூட்டைக்கு அட்டி என்று பெயர். லாரி வந்தால் அட்டியைக் கலைத்து, பலகை மேல் ஏறி, லாரிக்குள் போட வேண்டும். தையிலும் மாசியிலும் சம்பா நெல் வரும். அப்போது காலையில் குனிந்த முதுகு சாயங்காலம்தான் நிமிரும்.

எங்கள் வேலையில் ஜோடி உண்டு. ஒருத்தன் மூட்டையைத் தூக்கி விடுவான். இன்னொருத்தன் பிடரியில் வாங்கிக்கொண்டு நடப்பான். என் ஜோடி என் சம்சாரத்தின் அண்ணன். எனக்கு மச்சான். என்னைவிட மூத்தவன்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே நாங்கள் கூட்டாளிகள், வாடா போடா என்றுதான் பேச்சு. அவன் வாய் ஓயாது. நான் வாய் திறக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே வாய்தான், அது அவனிடம் இருக்கிறது என்று மற்ற லோடுமேன்கள் சொல்வார்கள்.

நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆனது. காலையில் எழுந்தால் இருக்காது. பத்துப் பதினைந்து மூட்டை தூக்கினால் வந்துவிடும். சாயங்காலம் மல்லாந்து படுத்து, உள்ளங்கையால் லேசாகத் தடவினால் போகும். போகும்போது களகளவென்று ஒரு சத்தம் வரும். மதகுக் குழாயில் தண்ணீர் நுழையும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று ஆகிவிட்டது.

மச்சான் கண்டுபிடித்துவிட்டான். மூட்டையை இறக்கிவிட்டு நான் கையை அங்கே வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறான்.

"என்ன மாப்ள, சட்டப்பைய அங்க மாத்தித் தச்சுட்டியா? அடிக்கடி தொட்டுப் பாக்குற."

"ஒண்ணுமில்லடா."

"காட்டு."

அட்டிக்குப் பின்னால் போய்க் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுவிட்டுச் சொன்னான்.

"குடல் இறங்கியிருக்கு. நம்ம பொழப்புக்கு இது வர்றதுதான். எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு. அவரு பாட்டுக்கு வேட்டிக்குள்ள பூசணிக்காய வச்சுக்கிட்டு ஊரச் சுத்துனாரு. பேரன் கல்யாணம் பாத்துட்டுத்தான் செத்தாரு."

எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. பழைய சாக்கை மடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்படிக் கட்டினால் வெளியே வராது. ஆனால் கட்டை அவிழ்க்கும் நேரத்தில், அதுவரை காத்திருந்த மாதிரி, சட்டென்று வரும்.

என் சம்சாரம் ஒரு நாள் பார்த்துவிட்டாள். நான் லுங்கி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அது என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதது ஏன் உருண்டையா இருக்கு?"

மறுநாள் அவளே பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். நிற்க வைத்துப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு ஹெர்னியான்னு பேரு. வயித்துச் சுவர்ல ஒரு இடம் தளர்ந்து போச்சு. அது வழியா குடல் எட்டிப் பாக்குது. சைக்கிள் டயர்ல வெட்டு விழுந்தா உள்ள இருக்குற டியூப் புடைச்சுக்கிட்டு வரும்ல, அது மாதிரி."

"மருந்து இருக்குங்களா?" என்று கேட்டாள் சம்சாரம்.

"மருந்து குடிச்சா ஓட்டை அடையாதும்மா. ஆபரேஷன்தான். குடலை உள்ள வச்சுட்டு, ஓட்டை மேல ஒரு வலையை வச்சுத் தச்சுடுவோம். கொசுவலை மாதிரி மெல்லிசா இருக்கும். சதை அந்த வலையப் புடிச்சுக்கிட்டு வளரும். அப்புறம் அது கெட்டிச் சுவரு. சின்ன ஆபரேஷன்தான்." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப வந்தா சின்னது."

"எப்ப மூட்டை தூக்கலாம் சார்?"

"ரெண்டு மூணு மாசம் ஆகட்டும்."

அப்போது தை பிறக்கப் போகிற நேரம். இரண்டு மூன்று மாதம் என்றால் சீசனே போய்விடும். எங்களுக்கு வருஷம் என்பதே அந்தச் சீசன்தான்.

"சீசன் முடிஞ்சதும் வந்துடுறேன் சார்."

டாக்டர் சம்சாரத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"உள்ள போற வரைக்கும் சரி. உள்ள போகலன்னா, கல்லு மாதிரி ஆயிட்டா, வாந்தி வந்தா, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துடணும். சீசன் கீசன்னு பாக்கக் கூடாது."

உள்ளே போகிற வரைக்கும் சரி. அவர் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் நாங்களும், நாங்கள் சொல்லிக் கேட்ட மச்சானும் எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்தால் சம்சாரம் சாப்பாடு போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள்.

"உள்ள போச்சா?"

"போச்சு."

அப்புறம்தான் தட்டு வரும்.

மூட்டை தூக்குகிறவர்களிடம் இதற்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. யாருக்காவது குடல் இறங்கி உள்ளே போக அடம் பிடித்தால், அட்டியின் சரிவில் தலை கீழே கால் மேலே இருக்கும்படி சாய்த்துவிடுவார்கள். வயிற்றில் இருப்பது எல்லாம் நெஞ்சுப் பக்கம் சரியும். வெளியே வந்திருப்பதும் அதன் பின்னாலேயே இழுபட்டு உள்ளே போய்விடும். எனக்கே இரண்டொரு தடவை அப்படி நடந்திருக்கிறது. ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் போய்விடும். சத்தம் கேட்டதும் எழுந்து மூட்டையைத் தூக்குவேன். இதை யாரும் வைத்தியம் என்று நினைப்பதில்லை. செருப்பு வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்கிறோம், அது மாதிரி.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. பெய்யக் கூடாத காலத்து மழை. களத்தில் நெல் மலை மலையாகக் கிடந்தது. விவசாயிகள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஏற்ற வேண்டிய லாரி ஒன்று பாதியில் நின்றது. காற்றில் பதர் பறந்து கண்ணில் விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஓட்டம்தான்.

தூறல் விழுந்து பலகை நனைந்துவிட்டது. பிடரியில் மூட்டையோடு பாதிப் பலகை ஏறியபோது எனக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. குதிகாலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, மூட்டையை விடாமல் நின்றேன். அப்படி முக்கி நின்ற நேரத்தில் கீழே என்னவோ இறங்கியது. வழக்கம்போல நழுவி வரவில்லை. ஒரு வாசல் வழியாக ஆள் முட்டிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. மூட்டையைக் கொண்டுபோய் லாரியில் போட்டுவிட்டுத்தான் கையை வைத்துப் பார்த்தேன்.

தேங்காயைத் தொட்ட மாதிரி இருந்தது. அமுக்கினேன். அசையவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மச்சானைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்ட குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அட்டிக்குப் பின்னால் தலைகீழாய்ச் சாய்த்தார்கள். ஒருத்தன் கால்களைப் பிடித்துக்கொண்டான். தார்ப்பாய் மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. பீடி குடிக்கிற நேரம் போய், இன்னொரு பீடி குடிக்கிற நேரமும் போனது. அது அப்படியே இருந்தது.

"கல்லா இருக்கே மாப்ள," என்றான் மச்சான்.

"அமுக்குடா."

"வலிக்கும்டா."

"வலிக்கத்தான் செய்யும். அமுக்கு."

துண்டை மடித்து என் வாயில் கொடுத்தான். இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மூட்டை தூக்குகிறவனின் முழு பலத்தோடு அமுக்கினான். துண்டு மட்டும் இல்லையென்றால் கொள்முதல் நிலையமே திரும்பிப் பார்த்திருக்கும். சட்டென்று போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகவில்லை. மொத்தமும் ஒரேயடியாக.

"போச்சு!" என்று கத்தினான். "பாத்தீங்களாடா? எவன்டா இனிமே ஆஸ்பத்திரிக்குப் போறது? வரிசையில நில்லுங்க, ஆளுக்கு ஒரு அமுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். மழையில் நனைந்த முகத்தோடு சிரித்தார்கள். நான் படுத்தபடியே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. களகள என்று ஒரு சொட்டுச் சத்தம்கூட வரவில்லை.

கையை வைத்துப் பார்த்தேன். சமமாக இருந்தது. அந்த இடம் அவ்வளவு சமமாக இருந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. மிச்ச மூட்டைகளை மற்றவர்கள் ஏற்றினார்கள். நான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டான். வாசலிலேயே சம்சாரம் கேட்டாள்.

"உள்ள போச்சா?"

"போச்சு."

"இன்னைக்குக் கொஞ்சம் முரண்டு புடிச்சுச்சு," என்றான் மச்சான். "நான்தான் ஒரு தட்டு தட்டி உள்ள அனுப்புனேன்."

தட்டு வந்தது. ஒரு கவளம் வாயில் வைத்தேன். தொப்புளைச் சுற்றி யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. கொஞ்ச நேரம் விட்டது. மறுபடி முறுக்கியது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தேன். அப்புறம் பச்சையாக வந்தது.

"உள்ளதான் போயிடுச்சே, அப்புறம் இது என்னங்க?" என்றாள்.

"காத்தா இருக்கும்."

ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அதுவும் நிற்கவில்லை.

விடிந்ததும் எங்கள் கடைத்தெருவில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். பெஞ்சில் எங்கள் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போவதற்குக் கதவு இல்லை, ஒரு துணித் திரைதான். வயிற்று வலி, வாந்தி என்றேன். சம்சாரம், "சார், இவங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். நிறுத்திக்கொண்டாள். மழைத் தண்ணி எதையாவது குடிச்சிருப்பீங்க என்று ஓர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மத்தியானத்துக்குள் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. தட்டினால் சத்தம் வரும். ஏப்பம் வந்தது, கீழே ஒன்றும் போகவில்லை. அடுத்த வாந்தி காவி நிறத்தில் வந்தது. அதில் சாக்கடை நாற்றம் அடித்தது. சம்சாரம் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். அப்புறம் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வண்டி கொண்டா. இவங்க கண்ணு உள்ள போயிடுச்சு."

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நிற்க முடியவில்லை, மச்சான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"குடல் எங்கயோ அடைச்சிருக்கு," என்றார் டாக்டர். "முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கா?"

"இல்லீங்க."

தொடை இடுக்கு இரண்டையும் கை வைத்துப் பார்த்தார். சமமாக இருந்தது. அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றோம். யாரும் எதையும் மறைக்கவில்லை. இருந்தால் காட்டலாம். அது போய்விட்டது. போய்விட்ட ஒன்றைப் பற்றி டாக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது? அப்படித்தான் இருந்தோம். அந்த நேரம் எல்லாம் அது உள்ளே அழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் பெரிய டாக்டரம்மா வந்தார். ஆபரேஷன் செய்கிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"லோடுமேன்."

"எங்கயாவது வீக்கம், புடைப்பு இருந்துச்சா?"

நான் கூரையைப் பார்த்தேன். பொம்பளை டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது?

சம்சாரம்தான் சொன்னாள். அந்த வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இருந்துச்சும்மா. வலது தொடை இடுக்குல. ரொம்ப நாளா. நேத்து உள்ள போயிடுச்சு."

"தானா போச்சா?"

மச்சான் தன் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க தள்ளுனேன்," என்றான்.

"எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "போகும்போது களகளன்னு சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல," என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நர்ஸைப் பார்த்து, "தியேட்டருக்குச் சொல்லுங்க. இப்பவே," என்றார்.

மச்சான் பின்னாலேயே போனான். "உள்ளதானங்க போச்சு? நான் கையால பாத்தேனே, உள்ள போச்சே."

அவர் நின்றார். கோபப்படவில்லை. "நீங்களும் மூட்டை தூக்குறவருதானே? ஒரு சாக்கு வாயக் கயித்தால இறுக்கிக் கட்டிட்டு, அந்த மூட்டையை அப்படியே ஒரு ரூமுக்குள்ள உருட்டி விட்டுட்டா வெளிய நிக்கிறவனுக்கு மூட்டை தெரியாது. கட்டு அவுந்துச்சா?"

"இல்லீங்க."

"அதான். குடலைச் சுத்தி இறுக்குன சவ்வும் சேர்ந்து, கட்டோட உள்ள போயிருக்கு. குடலுக்கு நேத்துலேர்ந்து ரத்தம் போகல."

அதற்குப் பிறகு மச்சான் பேசவில்லை. அன்று மட்டும் இல்லை, பிறகும் பல நாள் பேசவில்லை. சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சர் அவனைத் தாண்டிப் போகும்போது ஒதுங்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. நர்ஸ்தான் தள்ளிவிட்டாள்.

சம்சாரத்திடம் கையெழுத்து வாங்கினார்கள். கறுத்துப் போயிருந்தால் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்போம், உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று நேராகவே சொன்னார்கள். "நீங்க செய்யுங்கம்மா," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தியேட்டரில் குளிர் எலும்பில் இறங்கியது. முகத்தில் எதையோ வைத்தார்கள். தலைக்கு மேலே விளக்கு. அவ்வளவுதான் தெரியும்.

மற்றதை அவள்தான் சொன்னாள். பாதியில் கதவைத் திறந்து இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்களாம். வெட்டி எடுத்த குடல். ஒரு சாண் இருக்குமாம். சுட்ட கத்திரிக்காய்த் தோல் நிறம். இவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாளாம். மச்சான் பார்த்தான், கையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே போனான், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். நான் கண் விழித்தபோதும் அங்கேதான் இருந்தான். வார்டுக்குள் வரவில்லை.

எனக்கு மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் ஓரத்தில் ஒரு குழாய். வாயில் ஒன்றும் கிடையாது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவாள். துடைக்கும்போது நாக்கை நீட்டுவேன், அவள் கையை எடுத்துவிடுவாள்.

டாக்டரம்மா வந்து ஸ்டெதஸ்கோப்பை என் வயிற்றில் வைப்பார். நெஞ்சில் வைப்பதுபோல உடனே எடுக்க மாட்டார். நெடுநேரம் கேட்பார். வார்டே அடங்கியிருக்கும்.

"இன்னும் சத்தம் இல்ல," என்பார். "குடல் தூங்குது. முழிச்சு ஓட ஆரம்பிக்கணும். தச்ச இடம் தாங்கணும். காத்து பிரிஞ்சா உடனே சொல்லுங்க."

"பிரியலன்னா?" என்று சம்சாரம் கேட்டாள்.

"பாக்கலாம்மா."

பாக்கலாம் என்ற வார்த்தையை நான் அதற்கு முன்னால் அவ்வளவு கவனித்ததில்லை.

காலையில் நர்ஸ் உள்ளே வரும்போதே கேட்பாள். "ஐயா, காத்து பிரிஞ்சுச்சா?" கதவிலிருந்தே, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. முதல் நாள் எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் கூச்சம் போய்விட்டது. இல்லை என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எதிர்க் கட்டிலில் ஒருவர். அவருக்கும் குடல் ஆபரேஷன்தான். அவரிடமும் அதையே கேட்பாள், அவரும் இல்லை என்பார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். ஒரு மத்தியானம் அவர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். திரைக்குக் கீழே நிறையக் கால்கள் தெரிந்தன. பிறகு திரையைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. ஒரு அம்மா வந்து அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை வந்தார். ஓரத்துக் குழாயில் வருவதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். நிறம் பார்க்கிறார் என்று தெரிந்தது. என்ன நிறம் வந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சம்சாரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மத்தியானம், அவள் தரையில் துண்டை விரித்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. வறண்ட வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் முதன்முதலில் வரும்போது வெடிப்புகளில் ஒரு சத்தம் வருமே, அது. கொஞ்சம் நின்றது. மறுபடி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு காற்று பிரிந்தது. கொஞ்சம்தான். ஆனால் பிரிந்தது.

"இந்தா," என்றேன். அவள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"போச்சு."

"என்ன போச்சு?"

"காத்து."

என்னையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நர்ஸிடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக மரத்தடிக்குத்தான் போயிருக்கிறாள்.

மச்சான் வந்தான். அத்தனை நாளில் அப்போதுதான் உள்ளே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றான்.

"நெசமாவா?"

"ம்."

அவன் ஏதாவது கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். சாதாரணமாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பான். அவன் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினான்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டேன் மாப்ள. நான் தள்ளுனதாலதான் கறுத்துச்சான்னு."

"என்ன சொன்னாங்க?"

"கல்லா ஆனப்பவே மாட்டிக்கிச்சாம். ஆனா வெளியவே இருந்திருந்தா பாத்தவுடனே கண்டுபுடிச்சிருப்பாங்களாம். தள்ளுனதால ஒரு நாள் போச்சுன்னாங்க."

"அமுக்கச் சொன்னவன் நான்."

"கை என்னுதுடா."

தண்ணீர் கேட்டேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, ஒரு மூடி அளவு கொடுக்கலாம் என்றார். அவன்தான் பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தான். பாதி என் கழுத்தில் விழுந்தது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"வலை வைக்கல. குடல் கெட்டுப் போன இடத்துல வலை வச்சா சீழ் புடிச்சுக்கும். அதனால சதையை இழுத்து நூலாலதான் தச்சிருக்கேன். நூல் நூல்தான். அவசரத்துல அவ்வளவுதான் செய்ய முடியும்."

"மறுபடி வருமாம்மா?" என்றாள் சம்சாரம்.

"வரலாம். வந்தா, நல்லா ஆறுன பிறகு வலை வச்சுக்கலாம். புடைப்பு தெரிஞ்ச அன்னைக்கே வாங்க. யாரும் கை வைக்கக் கூடாது. அதுவரைக்கும் குடம்கூடத் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. இருமல் வந்தா அந்த இடத்தக் கையால அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருமணும்."

"மூட்டை?" என்று கேட்டேன்.

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தான்.

"இனிமே வேண்டாம்," என்றார்.

கார் வைக்கலாம் என்றான் மச்சான். காருக்குள் அடைந்தால் குமட்டும், பஸ்ஸே போதும் என்றேன். பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கொடுத்தார்கள். சம்சாரம் என் பக்கத்தில். மச்சான் எங்கள் சீட்டை ஒட்டி நின்று, மேலே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். யாரும் என் மேல் சாயாதபடி முதுகைக் கொடுத்து நின்றான். வெளியே அறுவடை முடிந்துவிட்டது. நெல் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை பிடித்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு நெல் லாரி போனது. பஸ்காரனால் அதைத் தாண்ட முடியவில்லை. அதன் தூசி முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

இருமல் வந்தது. என் கை போவதற்கு முன்னால் அவள் கை அங்கே இருந்தது. லுங்கிக்கு மேலே, அந்த இடத்தில், அழுத்தமாக. பஸ் முழுக்க ஆட்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இருமல் நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

லாரி எங்களுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இன்னொரு இருமல் தொண்டையில் இருந்தது. அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.